புகைபோக்கியில் காத்து

— ஷூவை இப்படிக் கொடுக்கா. இந்தக் கணப்படுப்பு பத்திக்கிட்டா காஞ்சிடும்.

— ஷூவாடா இப்ப முக்கியம்? விடிஞ்சா இந்த லீவுக்கு எடுத்த வாடகை வீட்டைக் காலி பண்ணணும். காடு முழுக்கச் சேத்துல புரண்டாச்சு, அந்த வெள்ளை ஆந்தையோட ஒரு இறகைக்கூட நான் பாக்கல.

— வீட்டுக்காரம்மா சும்மா அளந்து விட்டிருப்பாங்க.

— பக்கத்துலயேதான் கூடுன்னு சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னாங்க. இதுக்குன்னே லீவெல்லாம் சேத்து வெச்சேன்டா.

— விடுக்கா. இங்க பாரேன், சூப்பரா இருக்கு! காகிதத்தைக் கொளுத்தி அடுப்பு வாயில காட்டுறேன். சூடான காத்து லேசு, மேல ஓடும். சுடர் உள்பக்கம் சாயணும். ஆனா நம்ம பக்கம் சாயுது, கவனிச்சியா? அப்படின்னா புகைபோக்கியில அடைப்பு!

— கண்ணு எரியுது, அணைச்சுத் தொலை!

— அணைச்சாச்சு. இந்த மூங்கில் கம்பை விட்டு ஒரே குத்து, அவ்வளவுதான்.

— ஆரம்பிச்சுட்டாரு எஞ்சினியரு. அது என்னடா உள்ள, புஸ்ஸு புஸ்ஸுனு?

— காத்துக்கா. பாட்டில் வாயில ஊதினா சத்தம் வருமில்ல, அதே கதைதான்.

— வெளிய ஒரு இலைகூட அசையல. ஏது காத்து?

— அது வந்து... மேல போகப் போக...

— செங்கல்லுல வெள்ளை வெள்ளையா வழிஞ்சிருக்கே?

— சுண்ணாம்பு. மழையில கரைஞ்சு இறங்கும். நாம விடிஞ்சா கிளம்பி இருட்டினா வந்து படுக்கிறோம், உனக்கு இதெல்லாம் எங்க தெரியுது? இப்பத்தான் கூட்டினேன். அடுப்புக்குள்ள உருண்டை உருண்டையாக் கிடந்துச்சு.

— என்ன உருண்டை?

— கறுப்பா, கட்டைவிரல் தடிமன். கரித்தூள் ஈரத்துல கட்டியாயிடும்க்கா, ஏன்னா...

— உன் ‘ஏன்னா’ அப்புறம். எங்க அது?

— வாளியில. ஐய, அதைப் போய்க் கையால எடுக்கறியே!

— பிட்டுட்டேன். உள்ள என்ன தெரியுது?

— முடி... அக்கா, எலும்பு! பல்லோட ஒரு குட்டித் தாடை!

— எலிடா. ஆந்தை முழுசா முழுங்கிடும். முடியும் எலும்பும் செரிக்காது, உருட்டித் துப்பிடும். அது உக்காந்த இடத்துக்கு நேர் கீழ விழும்.

— நேர் கீழன்னா... ஐயோ!

— கம்பைக் கீழ வை. மெதுவா.

— வெச்சுட்டேன். அடுப்பு மட்டும் பத்தியிருந்தா?

— பத்தலையே. போனைக் கொடு. டார்ச்சை விரலால பாதி மூடிக்கிறேன். தலையை உள்ள விடுறேன், என் சட்டையைப் பிடிச்சுக்கோ.

— இருக்கா? சொல்லித் தொலையேன்! அக்கா, ஏன் தோள் குலுங்குது, அழறியா?

— சிரிக்கிறேன்டா. நாலு குஞ்சு, வரிசையா. இத்தனை நேரம் நீ கொடுத்த விளக்கத்தையெல்லாம் கழுத்தை நீட்டி நீட்டிக் கேட்டுக்கிட்டு இருந்திருக்குதுங்க.