ரெண்டு கலர் ரோஜாவுக்கு ஒரு சாட்சி லெட்டர்

இதுக்குப் பேரு ரோஜாவாண்ணா? நீங்களே சொல்லுங்க. முள்ள எண்ணினா ஒரு நாள் போதாது, பூன்னு பாத்தா ஒண்ணு இல்ல. ஆவணியில உங்க நர்சரியில இருந்து எடுத்துட்டுப் போனது, இப்ப மாசி... இல்ல இல்ல, உங்களக் குத்தம் சொல்ல வரல. உக்காருங்க ராமப்பண்ணா. நீங்க குடுத்தது நல்ல செடிதான். மஞ்சளும் செவப்புமா ரெண்டு கலர் அடிக்கற ஒட்டு ரோஜா, நானே பாத்துப் பொறுக்கினேன். அதத்தான் நீங்க ஒரு பேப்பர்ல எழுதிக் குடுக்கணும். 'வெங்கடசாமிக்கு நான் குடுத்தது ரெண்டு கலர் ரோஜா, இந்தத் தொட்டியில இருக்கறது அது இல்ல'ன்னு. அவ்வளவுதான், ரெண்டே வரி. கீழ ஒரு கையெழுத்து. அஞ்சு மணிக்கு எங்க குவார்ட்டர்ஸ் கமிட்டி கூடுது, அதுக்குள்ள எனக்கு வேணும்.

எதுக்கா? திருட்டுண்ணா. பக்கத்து வீட்டு ஃபக்ருதீன் பாய், எங்க கம்பெனி ஸ்டோர்ஸ்ல இருக்காரே, அவருதான். தையில மச்சினி கல்யாணத்துக்கு நாங்க நாகரசம்பட்டிக்குப் போயி நாலு நாள் இருந்துட்டு வந்தோம். வந்து பாத்தா பாய் வீட்டு வாசல்ல, டால்டா டின்னுல, அதே ரெண்டு கலர் ரோஜா மொட்டு விட்டுனு நிக்குது. என் தொட்டியில இந்த முள்ளு. செடிய மாத்தி வெச்சிட்டாரு. இதுக்கு மேல இன்னா வேணும்?

எங்க லைன்ல பதினாறு வீடு. யாரு வீட்ல புதுசா எது பூத்தாலும் சாயங்காலம் எல்லாரும் போயி பாத்துட்டு வரணும், அது ஒரு பழக்கமாவே போச்சு. காளியம்மாள் வீட்ல டேலியா பூத்தப்ப காப்பி குடுத்து ஆளுக்கொரு கெழங்கும் குடுத்துச்சு அந்தம்மா. நாலஞ்சு வருஷமா டேபிள் ரோஸு, செவ்வந்தி, டிசம்பர் பூன்னு எல்லாம் கை மாறி கை மாறி ஒரே செடி எல்லார் வீட்லயும் இருக்கும். நம்ம வீட்டுக்குத்தான் இந்த ஆறு மாசமா ஒரு ஆளு வரல. வந்து எதப் பாக்கறது, முள்ளயா? எல்லாம் நேரா பாய் வீட்டுக்குப் போறாங்க. பாய் சம்சாரம் அதியா எல்லாருக்கும் டீ போட்டுக் குடுக்குது. என் சம்சாரம் முனிலட்சுமியும் அங்கதான் நின்னுனு இருக்கா, தலையில அந்த வீட்டு ரோஜாவ வெச்சுனு. எனக்கு வயிறு எரியாதா?

அதுலயும் பாய் பண்ற வேல இருக்கே. பாக்க வர்றவங்க கிட்டெல்லாம், 'இது வெங்கடசாமி சார் செடிங்க'ன்றாரு. என்னப் பாத்தாலும், 'வாங்க சார், உங்க செடி எப்படிப் பூத்திருக்கு பாருங்க'ன்றாரு. திருடினவன் வாயாலயே சொல்றாருண்ணா. கமிட்டிக்கு எழுதிக் குடுத்த புகார்லயே நான் அதச் சேத்திருக்கேன். தானே ஒத்துக்கிட்டார்னு.

கன்னடத்துல முணுமுணுக்காதீங்க, எனக்கும் கொஞ்சம் தெரியும்... பாவமா? யாரு பாவம்? சரி, திருட்டுப் புகார் உண்மைன்னு ஆயிட்டா பாய் குடும்பத்த குவார்ட்டர்ஸ காலி பண்ணச் சொல்லுவாங்க, தெரியும். மூணு பிள்ளைங்க, வெளியில வாடகைக்குப் போனா கஷ்டம்தான். நான் மட்டும் ஆசப்பட்டா குடுத்தேன்? புகார் குடுத்ததுல இருந்து முனிலட்சுமி என்கிட்ட முகம் குடுத்துப் பேசறதில்ல. சோத்தப் போட்டுட்டு உள்ள போயிடறா. நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல? நான் கம்பெனி இன்ஸ்பெக்ஷன்ல பதினாலு வருஷமா இருக்கறவன். அளவு பாக்கற கேஜ் எடுக்கறதுக்கு முன்னாடியே கண்ணால பாத்துச் சொல்லிருவேன், இது பாஸ், இது ரிஜெக்ட்னு. ஒரு பீஸ் கூட திரும்பி வந்ததில்ல.

...எதுக்கு மண்ணத் தோண்டறீங்க? அந்த வெட்டா? அது நான் வெட்டினதுதான். வேற யாரும் இல்ல. செடி வாங்கின வாரமே. அடித்தண்டுல ஒரு கட்டி மாதிரி இருந்துச்சுண்ணா, வெல்டிங் தப்பாப் போன எடத்துல புடைச்சுனு நிக்குமே, அந்த மாதிரி. அதுக்கு மேல ஒரே ஒரு குச்சி, நோஞ்சானா, செவந்த எலையோட. கீழ பாத்தா பச்சப்பசேல்னு ரெண்டு துளிர் எவ்வளவு வேகமா வருது. நான் உடனே முடிவு பண்ணிட்டேன், இது டிஃபெக்ட்னு. கட்டியோட சேத்து சுத்தமா அறுத்துட்டேன். வெட்டாதீங்கன்னு முனிலட்சுமி சொன்னா. செடின்னாலும் இன்ஸ்பெக்ஷன் வேணும்னு சொன்னேன்.

இன்னா அப்படிப் பாக்கறீங்க?

இது எதுக்கு இப்ப வேற செடியக் காட்டறீங்க... ஆமா, இதுலயும் கட்டி இருக்கு. இதுலயும். அங்க வரிசையா... எல்லாத்துலயுமா? எல்லாமே ரிஜெக்டா?

ஒட்டா. அந்தக் கட்டிதான் ஒட்டா. அதுக்கு மேலதான் ரோஜாவா?

அப்ப கீழ வந்தது?

...காட்டுச்செடி.

எலைய எண்ணறேன், இருங்க. ஒரு காம்புல ஏழு. உங்க செடியில அஞ்சு. இதெல்லாம் வாங்கும்போதே சொல்லக் கூடாதாண்ணா? ...சொன்னீங்களா? கட்டிக்குக் கீழ வர்றதக் கிள்ளிடுங்கன்னா? எப்ப? ...ஆமா. நான் அப்ப உங்களுக்குத் தொட்டிய எப்படி அடுக்கணும்னு சொல்லினு இருந்தேன்.

அறுத்த குச்சியா? அத எதுக்குக் கேக்கறீங்க. தூக்கிப் போடத்தான் போனேன். பாய் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுனு இருந்தாரு. 'போடறதா இருந்தா எனக்குக் குடுங்க சார்'னாரு. சிரிச்சுனே குடுத்தேன். அதுவே செத்த குச்சி, நட்டு வைங்க, பூத்தா வந்து சொல்லுங்கன்னு...

பூத்ததும் வந்து சொன்னாருண்ணா. தினமும் சொன்னாரு.

கொஞ்சம் தண்ணி குடுங்க. இல்ல, பைப் தண்ணியே போதும்.

ஒண்ணு பண்ணலாமா? லெட்டர மட்டும் கொஞ்சம் மாத்தி எழுதுங்க. செடி சரியா வரலன்னு. அவ்வளவுதான். யாரு வெட்டினாங்க, எங்க வெட்டினாங்கன்னு எதுக்கு? எனக்கும் கம்பெனியில ஒரு பேரு இருக்கு. இந்த மாதிரி வெளிய தெரிஞ்சா கேண்டீன்ல ஒக்கார முடியுமா... எழுத மாட்டீங்களா. சரி. கோச்சுக்காதீங்க. நான் கேட்டிருக்கவே கூடாது.

வெக்கமா இருக்குண்ணா. அவருகிட்ட நேத்து சாயங்காலம்கூட மூஞ்சத் திருப்பினு போனேன்.

அஞ்சு மணிக்கு அவரும் வருவாரு. தொவச்ச சட்டை போட்டுனு, கையக் கட்டினு ஓரமா நிப்பாரு. கமிட்டியில சேர் பத்தாது. அந்த மனுஷனத் திருடன்னு சொன்ன எனக்கு, 'உக்காருங்க சார்'னு அவருதான் ஒரு சேரை இழுத்துப் போடுவாரு. இதுவரைக்கும் எல்லா மீட்டிங்லயும் அவருதான் போட்டாரு. அத எப்படிண்ணா நான் பாத்துனு இருப்பேன்?

மணி இன்னா? நாலரையா... தொட்டிய உள்ள வெக்காதீங்க. அத சைக்கிள் கேரியர்ல ஏத்தி விடுங்க, கயிறு இருக்கு. கூட்டத்துக்கு இதையும் எடுத்துட்டுப் போறேன். எங்க வெட்டினேன்னு நானே காட்டிட்டு வந்திடறேன்.