குட்டைத் திருகாணி

இந்த நாற்காலியின் பின்கால் ஆடுகிறது, ஐயா. சின்னதாக ஒரு ஆப்பு வைத்தால் நின்றுவிடும், நானே செதுக்கித் தருகிறேன். ஆடுகிற எதையும் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார என்னால் முடியாது. லேத் பட்டறையில் இருக்கிறவன் புத்தி அப்படி.

அந்த நீராவி வண்டியைப் பற்றித்தானே கேட்டீர்கள். இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு வீட்டிலேயே செய்த சின்ன வண்டி அது. மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் புருஷன், வெல்டர். பாய்லர் அவர் கைவேலை. பிஸ்டன், கிராங்க், இரண்டையும் சேர்க்கும் தண்டு எல்லாம் நான் கடைந்தவை. கிராங்கிலிருந்து ஒரு செயின் பின்சக்கர அச்சுக்குப் போகும். அதே அச்சில் ஒரு வட்டு. அது சுழன்றால் சின்ன பம்ப் ஒன்று இயங்கி பாய்லருக்குத் தண்ணீர் ஊட்டும். வண்டி ஓடுகிற வரை தண்ணீர் குறையாது. மாப்பிள்ளையின் யோசனைதான். நல்ல யோசனை, நான் மறுக்கவில்லை.

அம்மா அப்பா போன பிறகு வீட்டில் நானும் தங்கையும்தான். அவளுக்கு வந்த வரன்களில் எல்லாம் ஏதாவது குறை என் கண்ணில் பட்டுவிடும். இவரை அவளே பிடித்துக்கொண்டு வந்தாள். வந்தவர் வீட்டோடு தங்கினார். கலகலப்பான மனிதர். "மச்சான் அந்த லேத்தையே கட்டிக்கிட்டாரு, நமக்குத்தான் விருந்து போடல" என்பார். தங்கை விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதுவரை கேட்டதே இல்லை. எனக்கு வலித்தது.

ஒரு நாள் சாப்பிடும்போது, வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, கிளம்புகிறோம் என்றார். தங்கை என் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தாள்.

"வண்டிய ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டுப் போறோம்ணே" என்றாள்.

வட்டை அச்சோடு பிடித்திருந்தது ஒரே ஒரு திருகாணி. அதைக் கழற்றிவிட்டுக் குட்டையான ஒன்றைப் போட்டேன். வெளியே தலை தெரியும், உள்ளே அச்சைத் தொடாது. சக்கரம் ஓடும், பம்ப் ஓடாது. நிதானமாக யோசித்தால் இது ஒரு பரீட்சை, அவ்வளவுதான். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் பாய்லரிலேயே இருக்கிறது. மட்டம் இறங்கினால் நெருப்பைத் தணித்துவிட்டு இறங்கிக்கொள்ளலாம். அதைக்கூடப் பார்க்காத ஆளை நம்பி என் தங்கையை எப்படி அனுப்புவது?

காலி மைதானத்தில் ஓட்டினார்கள். நான் மதிலோரம் நின்றிருந்தேன். தண்ணீர் வற்றிக் காய்ந்த பாய்லர் வெடித்ததில் அவர் அங்கேயே போய்விட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த தங்கைக்கு இரண்டு கண்ணும் போயிற்று. அவளும் ஏறுவாள் என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லப்போவதில்லை.

இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறாள். நான்தான் தலை வாரிவிடுகிறேன், சோறு ஊட்டுகிறேன். "நீ இல்லேன்னா என் கதி என்னண்ணே" என்கிறாள். கேட்க நிறைவாக இருக்கிறது.

ஒன்றுதான் உறுத்தல். தண்ணீரைக் கவனிக்காமல் ஓட்டி உயிரை விட்டவர் என்று ஊரே அவரைச் சொல்கிறது. அவள் மட்டும் ஒப்புக்கொள்வதில்லை. விசாரிக்க வந்த உங்களிடமும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

"அவரு பாத்தாருண்ணே. அடிக்கடி பாத்தாரு. என்னையும் பாக்கச் சொன்னாரு. பாதிக் கண்ணாடி தண்ணி இருந்துச்சு, ஒரு சொட்டு குறையல."

அவள் கடைசியாகப் பார்த்தது அதுதான். புருஷன் பேரைக் காப்பாற்றப் பேசுகிறாள் என்று நானே நாலு பேரிடம் சொன்னேன்.

அவள் பொய் சொல்லவில்லை, ஐயா. அந்தக் குழாய்க்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு வால்வுகள் உண்டு. இரண்டையும் மூடிவிட்டால், பாய்லர் வறண்டாலும் கண்ணாடிக்குள் இருக்கும் தண்ணீர் அப்படியே நிற்கும். அவர்கள் புறப்படும் முன் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் மூடியது நான்தான்.

இருந்தாலும், கவனமான ஆள் என்றால் வால்வையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்திருப்பார். அதை நீங்கள் அவளுக்கு எடுத்துச் சொல்லவேண்டும்.