கூண்டில் ஒன்றுக்கு வந்தால்

மார்ச் பதினான்காம் தேதி, சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, என் தங்கை வீட்டுச் சமையலறைத் தராசில் ஒரு வெள்ளை எலி முந்நூற்றுப் பத்து கிராமும் இன்னொன்று இருநூற்றுத் தொண்ணூறு கிராமும் இருந்தன.

எடை பார்க்காமல் எலிக்கு மருந்து போடக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் தங்கை வீட்டில் கேட்டிருந்தால், ஐயா, நீங்கள் எனக்கு எதிரே உட்கார்ந்து கை கடுக்க எழுத வேண்டி வந்திருக்காது.

ஆய்வுக்கூடத்தின் விலங்கறை பதினெட்டு வருடமாக என் பொறுப்பு. நூற்று நாற்பது கூண்டுகள். சோதனை முடிந்த எலிகளை நான்தான் முடித்துவைப்பேன். கழுத்தில் இரண்டு விரல், ஒரே இழுப்பு. அதற்குத் தெரியக்கூடச் செய்யாது. நல்ல நிலையில் இருப்பவற்றை இனி வளர்க்கக் கொடுக்கலாம் என்று இந்த வருடம் அனுமதி வந்தது. முதல் இரண்டையும் பிப்ரவரி கடைசியில் தங்கைக்குக் கொடுத்தேன். அவள் அவற்றைப் பெரியவள், சின்னவள் என்று கூப்பிட்டாள். தட்டில் முதல் கவளம் அவர்களுக்குத்தான்.

இரண்டு வாரம் கழித்து போன் செய்தாள்.

"அண்ணா, இதுங்க ரெண்டும் சொறிஞ்சு சொறிஞ்சு காதுக்குப் பின்னாடி புண்ணாயிடுச்சு. எங்களுக்கும் இடுப்பெல்லாம் தடிப்பு."

அவை தூங்கும் பெட்டியில் ஒரு வெள்ளைத் துணியை விரிக்கச் சொன்னேன். மறுநாள் காலை போய் அந்தத் துணியை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஊசிமுனை அளவு புள்ளிகள் நகர்ந்தன. ஒன்றை ஈரத்தாளில் வைத்து நகத்தால் நசுக்கினால் சிவப்பாக இழுபடும். உண்ணி. எலியின் மேலேயே குடியிருக்கும் வகை அல்ல அது. வந்து குடித்துவிட்டுக் கூண்டின் இடுக்குக்குத் திரும்பிவிடும். எலி போதாதபோது மனிதரைக் கடிக்கும். துணி இறுக்கும் இடம்தான் அதற்குப் பிடிக்கும்: இடுப்பு, கழுத்துப்பட்டை.

எடை போட்டுப் பிடரியில் சொட்டு மருந்து வைத்தேன். மருந்து முட்டையைக் கொல்லாது என்பதால் இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை வைக்க வேண்டும் என்று விளக்கினேன். கூண்டைக் கொதிநீரில் கழுவச் சொன்னேன். ஒன்றுக்கு வந்தால் கூண்டில் உள்ள எல்லோருக்கும் வந்ததாகவே கொள்ள வேண்டும், ஒருவரையும் விடக் கூடாது என்றும் சொன்னேன். தங்கை எல்லாவற்றையும் காலண்டரின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே அவள் கையெழுத்து அழகு.

அவள் கணவருக்கு சோபா பழுது பார்க்கும் வேலை. கீழே பட்டறை, மேலே வீடு. பட்டறை முழுக்கப் பழைய பஞ்சு, தேங்காய் நார், யார் யாரோ உட்கார்ந்து தேய்ந்த மெத்தைகள். உண்ணி எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. நாகரிகம் கருதிச் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது எலிகள் பட்டறை மேஜை மேல் ஒரு செருப்புப் பெட்டியில் கிடந்தன. வாய் திறந்து, கால்கள் விறைத்து, முடியெல்லாம் நனைந்து. மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் மருந்தை மாப்பிள்ளை வாளியில் கலக்கி இரண்டையும் முக்கி எடுத்திருக்கிறார். ஒரு மணி நேரம் வெட்டி வெட்டி இழுத்ததாம்.

"ரெண்டு வாரம் எவன் காத்திருக்கிறது மச்சான்? மாட்டுக்கே கேக்குது, எலிக்குக் கேக்காதா?"

"மாடு எத்தனை கிலோ மாப்ளே?"

"ஆரம்பிச்சுட்டீங்களா கிலோக்கணக்கை." அவர் வாயிலிருந்த ஆணிகளைக் கையில் துப்பிக்கொண்டு சிரித்தார். "தப்பு என் மேலதான், ஒத்துக்கறேன். ஆனா உண்ணி உங்க சீர்வரிசைல வந்தது. எலியோட சேர்த்துக் கொடுத்துட்டீங்க."

அழுது முகம் வீங்கியிருந்த தங்கை, பெட்டியை மூடிவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அண்ணா, உன் கழுத்துலயும் அதே தடிப்பு இருக்கே. நீயும் டாக்டர்கிட்ட காட்டேன்."

காலர் உரசியது என்றேன். அவள் கூண்டைக் கழுவ மாடிக்குப் போனாள். மாப்பிள்ளை நாற்காலிக்குத் துணி இழுக்கக் குனிந்தார். திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்துக்கு போன் போட்டு, மற்ற எலிகளையும் ஒருமுறை பார்க்கச் சொல்லப்போவதாகச் சொன்னார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். பதினெட்டு வருடத்தில் என் அறையில் ஒரு பூச்சி கண்டதில்லை. அந்த போன் வந்தால் அறையை என்னிடமிருந்து எடுத்துவிடுவார்கள்.

சுத்தியல் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. மூன்று முறை அடித்தேன். முதல் அடிக்கே அவர் நாற்காலி மேல் கவிழ்ந்துவிட்டார். ஆனாலும் ஒரு முறையோடு நிறுத்தினால் மிச்சம் தங்கிவிடும் என்பது என் தொழிலில் ஊறியது. இரண்டாவதில் எலும்பு உள்வாங்கியது. மூன்றாவதில் கேட்க எந்தச் சத்தமும் இல்லை. புதுத் துணி வீணாயிற்று.

பிறகு மாடிக்குப் போனேன். தங்கை குழாயைத் திறந்துவைத்து எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவளுக்கு வலிக்கக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். அதனால் சுத்தியலைக் கீழேயே வைத்துவிட்டேன். எலியின் கழுத்துக்கும் மனிதக் கழுத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் சரியாக யோசிக்கவில்லை. நேரம் எடுத்தது. அவள் என் மணிக்கட்டைக் கடித்தாள். தெரியாமல் முடிந்துவிடும் என்று நினைத்தேன்; அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு முறை "அண்ணா" என்றாள், கேள்வி கேட்பது போல.

அவளை ஏன் என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கூண்டு விதியை முன்பே சொன்னேன்.

குழாயை மூடினேன். கூண்டைக் கொதிநீரில் இரண்டு முறை கழுவிக் கவிழ்த்தேன். காலண்டரில் இருபத்தெட்டாம் தேதி 'இரண்டாவது சொட்டு' என்று எழுதியிருந்தாள். அதை அடித்துவிட்டு உங்களுக்கு போன் செய்தேன்.

வியாழக்கிழமை விலங்கறையைச் சோதித்து, நூற்று நாற்பது கூண்டுகளிலும் உண்ணி இருப்பதாகச் சொல்லி மூடிவிட்டார்களாம். தங்கை வீட்டிலிருந்து என் சட்டையோடு போயிருக்கும். நேற்று சிறை மருத்துவர் என் இடுப்பைச் சுற்றி முப்பத்தொரு தடிப்புகளை எண்ணி, உண்ணிக்கடி என்று எழுதினார். அதையும் திருத்திக்கொள்ளுங்கள். அது வேர்க்குரு. ஜனவரியிலிருந்தே எனக்கு இருக்கிறது.