நாக்கைத் தூக்கச் சொல்லும் வேலை

எனக்குச் செருப்பு அதிக நாள் உழைப்பதில்லை. வீடு வீடாகப் போய்க் காசநோய் மாத்திரை கொடுக்கும் வேலை. கொடுத்தால் மட்டும் போதாது. விழுங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், பிறகு நாக்கைத் தூக்கச் சொல்லி அடியிலும் பார்க்க வேண்டும். வளர்ந்த ஆட்கள் என் முன்னால் குழந்தை மாதிரி வாயைத் திறப்பார்கள். முதலில் பாவமாக இருந்தது. பிறகு பற்கள்தான் தெரிந்தன.

தையற்காரர் வீடு மாடியில் கடைசி அறை. அவர் ஒருநாளும் மாத்திரையை ஒளித்ததில்லை. சமர்த்தாக விழுங்கிவிட்டு, என்னைப் போகவிடாமல் பேசுவார். குமட்டல், மூட்டுவலி, யாரும் தைக்கத் துணி தருவதில்லை, மனைவி தனித் தட்டில் போடுகிறாள். ஊரார் அழுகையையெல்லாம் வாங்கிக்கொள்ள என் நெஞ்சு என்ன குப்பைத்தொட்டியா? அந்த வீட்டுக்கு வேறு ஆளை அனுப்பச் சொல்லி மேலாளரிடம் கேட்டேன்.

"எல்லாருக்கும் கஷ்டம்தாம்மா. கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்றார்.

அனுசரித்தேன். ஒரு காலை தையற்காரர் இருமாமல் கதவைத் திறந்தார். முகத்தில் சதை பிடித்திருந்தது. பாதி மருந்துகூட முடியவில்லை. இருமல் நின்றால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"உங்களுக்குக் குணமாயிடுச்சு அண்ணே. இனிமே மாத்திரை வேண்டாம்" என்றேன்.

"நெஜமாவா தங்கச்சி?"

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அவர் மனைவி ஓடிவந்து என் இரண்டு கைகளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த வீட்டில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. அதை யார் கொடுத்தது? மருந்தா, மேலாளரா? நான்தானே. அன்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாளிலிருந்து அவர் பங்கு மாத்திரைகளைச் சாக்கடையில் போட்டேன்.

மழைக்காலத்தில் அவர் என்னைத் தெருமுனையில் மறித்தார். கைக்குட்டையில் ரத்தம் இருந்தது.

"மறுபடி வந்திருக்குமோ, தங்கச்சி?"

"உடம்புச் சூடு அண்ணே. தண்ணி நெறைய குடிங்க."

வேறென்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அவர் போவார். எனக்கும் வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அவர் போய்விட்டார். நீங்கள் கேட்டதற்குப் பதில், ஆமாம், நான்தான் கொன்றேன். கோபத்தில் இல்லை, அலுப்பில்.

இப்போது அவர் மனைவிக்கும் இருமல். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நேற்று என்னைத்தான் தேடி வந்தாள். தூசிதான், சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். சீக்கிரம் என் வாக்குமூலத்தை எழுதி முடியுங்கள், ஐயா. நான் இங்கேயே இருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஆறுதல் சொல்ல யார் இருக்கிறார்கள்?