கண் திறக்காத முகம்

டீ நல்லாத்தான் இருக்கு மேடம். இஞ்சி மட்டும் கொஞ்சம் தூக்கல். ஸ்டேஷன் டீ வெந்நி மாதிரி இருக்கும்னு சொல்லுவாக, அதுவும் வதந்திதான் போல.

முழங்கால் வலி இருக்கு, உக்காந்தே பேசுறேன். ஏட்டு அவசரப்படாம எழுதட்டும், நான் நிறுத்தி நிதானமாத்தான் பேசுவேன். வகுப்பெடுத்துப் பழகுன நாக்கு. யாரும் என்னைய இழுத்துட்டு வரல, நானா வந்தேன்னு மொத வரியிலயே எழுதச் சொல்லுங்க. காலையிலயே வந்துட்டேன். நீங்க கோர்ட்டுக்குப் போயிருக்கீகன்னாக, அந்தப் பெஞ்சுல உக்காந்திருந்தேன்.

ஏன் வந்தேன்னு கேட்டீக. நேத்து டிவியில உங்க பேட்டி பாத்தேன். வெள்ளக்கரைப்பட்டியில கிங்ஸ்லியை அடிச்சுக் கொன்ன விசயமாப் பேசுனீக. 'எவனோ வேலைவெட்டி இல்லாத பய ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கான், படிக்காத சனம் அதை நம்பி அடிச்சிருச்சு'ன்னீக. எனக்குச் சோறு இறங்கல மேடம். நீங்க சொன்னதுல ரெண்டு தப்பு. அந்தச் சனத்துல பாதிப் பேரு காலேஜ் முடிச்சவுக. வேலைவெட்டி இல்லாத பய அப்படி ஒரு மெசேஜைச் செய்யவும் முடியாது. ரெண்டையும் திருத்தணும்னுதான் வந்தேன்.

நான் சீனிச்சாமி. பேராசிரியர். உத்தமபாளையம் தாண்டி கம்பம் ரோட்டுல, திராட்சைப் பந்தலுக்கு நடுவுல ஒரு மஞ்சக் கட்டடம் பாத்திருப்பீக. ஊடக மெய்யியல் மற்றும் பண்பாட்டு ஆய்வு நிறுவனம்னு போர்டு இருக்கும். அதுக்கு இயக்குநர் நான். ஜீப் டிரைவருக 'செல்போன் காலேஜ் எறங்கு'ன்னு கத்துவாக. மொதல்ல எரிச்சலா வரும். யோசிச்சுப் பாத்தா அவுக சொல்றதும் சரிதான். ஒரு சேதி வாய்க்கு வாய், போனுக்குப் போன் தாவுறப்ப மனுசனை என்ன பாடுபடுத்துதுங்குறதுதான் எங்க படிப்பு. பல்கலைக்கழகத்தோட மல்லுக்கட்டி அதை இங்கன கொண்டாந்தவன் நான். எங்கய்யா திராட்சைக்கு மருந்தடிச்சவரு. 'மருந்தடிக்கிறவன் மகனுக்குத் தத்துவம் ஒண்ணுதான் கொறச்சலா'ன்னு மதுரையில சிரிச்சாக. சிரிச்சவுகளே பின்னால என் கருத்தரங்குக்கு வந்து கைதட்டிட்டுப் போனாக.

வதந்திக்கும் வாய்க்கால் உண்டுங்குறது என் கொள்கை. ஆத்துல இருந்து வாய்க்கால், வாய்க்கால்ல இருந்து மடை, மடையில இருந்து வயல்னு நம்ம ஊருல தண்ணி பாயுதுல்ல, சேதியும் அப்படித்தான் பாயும். கம்பம் சந்தையில ஒரு பேச்சுக் கிளம்புனா அது எந்தத் தெருவுக்கு எப்பப் போய்ச் சேரும்னு நான் முன்கூட்டியே சொல்லிருவேன். 'எவனோ சொன்னான்'னா ஒரு பயலும் நம்பமாட்டான். 'எங்க நாத்தனா ஊர்ல நடந்துச்சு'ன்னு சொல்லிப் பாருங்க, மறு பேச்சு இருக்காது. எழுத்துல அனுப்புனா எடுபடாது. பொம்பளைக் குரல் வேணும். அதுவும் ஒப்பாரி வைக்கக் கூடாது. அடுப்புல பாலை வச்சுட்டு அவசரமாச் சொல்ற மாதிரி இருக்கணும். இதையெல்லாம் வேற எவனும் கண்டுபிடிக்கல மேடம்.

எப்படி இம்புட்டுக் கச்சிதமாச் சொல்றீகன்னு எல்லாரும் கேப்பாக. வானத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா வெள்ளாமை ஆகுமா? நானே அப்பப்ப ஒண்ணு ரெண்டு அனுப்பிப் பாத்தேன். திராட்சைக்கு நெறம் ஏறுறதுக்கு ஊசி போடுறாகன்னு ஒரு தடவை அனுப்புனேன். நான் வரைஞ்ச பாதையிலயே ஊரு ஊராப் போச்சு. அந்தப் பருவத்துல பழத்தை வாங்க ஆளில்லாம கொடியிலயே அழுகுச்சு. பலவேசம்னு எங்கய்யாவுக்குத் தெரிஞ்சவரு ஒருத்தரு, தோட்டத்தை வித்துட்டு இந்த வயசுல கேரளாவுக்கு ஏலக்காய் எஸ்டேட்டுக்குக் கூலிக்குப் போறாரு. தங்கமான மனுசன். ஆனா மழையில அழுகுனா மழையை எவனாவது ஜெயில்ல போடுறானா?

குரலுக்குச் சொந்தக்காரியத் தேடுறீகன்னு கேள்விப்பட்டேன். அது என் சம்சாரம் ராஜாத்தி. அவளுக்கு ஒண்ணுமே தெரியாது, இதை அடிக்கோடு போட்டு எழுதச் சொல்லுங்க. வகுப்புக்கு மாதிரிப் பாடம் வேணும், வாசிச்சுக் குடுன்னு சொல்லுவேன். வாசிப்பா. அவ சொன்னா நானே நம்பிருவேன், அப்படி ஒரு குரல்.

கிங்ஸ்லி எனக்குக் கீழ உதவிப் பேராசிரியரா இருந்தான். தேனி பஜார்ல அவுக அப்பாவுக்குப் பாத்திரக்கடை. கெட்டிக்காரன், நான் சும்மா யாரையும் அப்படிச் சொல்றவன் இல்ல. வாரத்துல பாதி நாள் எங்க வீட்டுலதான் சாப்பாடு. 'அக்கா, இன்னும் ரெண்டு கரண்டி ரசம்'னு தட்டைத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்கே போயிருவான். அதுதான் வினையாப் போச்சு. நாங்க சேத்து வச்சிருந்த வதந்திக் குரலையெல்லாம் வரிசையாக் கேட்டுக்கிட்டு வந்தவன், ஒரு நாள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்திட்டு எதிர்ல உக்காந்தான்.

"சார், இது அக்கா குரல்."

"யாரோட அக்கா?"

"நம்ம அக்கா சார். ரசம் ஊத்துற அக்கா."

அவன் சத்தம் போட்டிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும். அவன் அழுதான். "பலவேசம் அண்ணனைத் தேடிப் போய்ச் சொல்லிருவோம் சார். கருத்தரங்குல நீங்களே எந்திரிச்சு உண்மையச் சொல்லிருங்க. நான் உங்க பக்கத்துல நிக்கிறேன். நீங்க சொல்லலேன்னா நான் சொல்ல வேண்டி வரும், அந்த நிலைமையில என்னைய வைக்காதீக சார்"னான்.

பக்கத்துல நிக்கிறானாம். நான் வேலைக்கு எடுத்த பய எனக்குப் பாவமன்னிப்புக் குடுக்குறான். சொன்னா என்ன ஆகும்? நிறுவனத்தை இழுத்து மூடிருவாக. 'தோட்டக்காரன் மகன் புத்தியக் காட்டிட்டான்'னு மதுரையில மறுபடி சிரிப்பாக. இந்தப் பள்ளத்தாக்குக்கு உலகத்துல ஒரு பேரு இருந்துச்சுன்னா அது என் கொள்கையால வந்த பேரு. ஒரு ஆளோட மனசாட்சிக்காக அதை நான் ஏன் விட்டுக் குடுக்கணும்? நீங்களே சொல்லுங்க.

சரிப்பான்னேன். சொல்லிருவோம், அதுக்கு முன்னால ஒரே ஒரு வேலை பாக்கி இருக்கு, வெள்ளக்கரைப்பட்டி முத்தாலம்மன் பொங்கலை மட்டும் போய்ப் பதிவு பண்ணிட்டு வந்துருன்னேன். நான் சம்மதிச்சுட்டேன்னு அவன் முகத்துல அப்படி ஒரு சந்தோசம். குனிஞ்சு என் கையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டான்.

நீங்க வெளியூரு, அந்தச் சாமியப் பத்திச் சொல்றேன். மார்க்கையன்கோட்டைக்கு அந்தாண்ட இருக்கு ஊரு. அங்கன அம்மனை வருசா வருசம் களிமண்ணுல புதுசாச் செய்வாக. மண்ணு வேலை செய்யுற வேளார் வீட்டுல செஞ்சு, முகத்தைத் துணியால மூடித்தான் கோயிலுக்குத் தூக்கிட்டு வருவாக. கோயில்ல வச்சுக் கண்ணைத் திறந்தப்புறம்தான் ஊரு அம்மன் முகத்தைப் பாக்கணும். அதுக்கு முன்னால வேளாரைத் தவிர வேற யாரு கண்ணு பட்டாலும் பிள்ளைகளுக்கு அம்மை போடும்பாக. இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு நடக்கப் பழகுறப்பவே இது தெரியும். அந்த வழியாப் போறப்ப எங்காத்தா என் கண்ணைப் பொத்திக்கிட்டே நடக்கும். கிங்ஸ்லி தேனி பஜார்ல வளந்த பய, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவன். அவனுக்கு எங்கன தெரியும்?

"வேளார் வீட்டுக்குள்ளயே போயிரு. துணி போடுறதுக்கு முன்னால முகத்தைப் படம் எடுத்துரு. ஊர்ப் பெரியவுககிட்ட எல்லாம் பேசிட்டேன்"னு சொன்னேன். நான் யாருகிட்டயும் பேசல. களப்பணிக்குன்னு நிறுவனத்துல குடுத்த நீலச் சட்டையப் போட்டுட்டுப் போ, நம்ம பேரு நாலு பேருக்குத் தெரியட்டும்னும் சொன்னேன்.

பொங்கலுக்கு மொத நாளே ராஜாத்திக்கிட்ட ஒரு பாடம் குடுத்திருந்தேன். மிளகா வத்தல் ஆஞ்சுக்கிட்டே வாசிச்சா. 'எங்க நாத்தனா ஊர்ல ஒருத்தன் கேமராவோட வந்து, கண் திறக்காத அம்மனைப் படம் பிடிச்சுட்டுப் போயிருக்கான். மறு வாரமே தெருப் பிள்ளைக அம்புட்டுக்கும் அம்மை. நீலச் சட்டை, தாடி. உங்க பக்கம் வந்தா விட்டுறாதீக ஆத்தா.' கடைசி வரியில அவளுக்குச் சிரிப்பு வந்துருச்சு. அதனால அதை மட்டும் ரெண்டாவது தடவை வாசிக்க வச்சேன்.

ஒண்ணு கவனிச்சீகளா? அதுல மதத்தைப் பத்தி ஒரு எழுத்துக் கிடையாது. அவன் வேதக்காரன்னு ஒரு வார்த்தை சேத்திருந்தா இன்னும் வேகமாப் போயிருக்கும். நான் சேக்கல. எனக்கும் ஒரு நெறி இருக்கு மேடம்.

பொங்கலன்னைக்குக் காலையில அனுப்புனேன். சின்னமனூர்ல ஒரு பூக்கடைக்காரம்மா, அவுக தங்கச்சி, தங்கச்சி வீட்டுக்காரரோட மினிபஸ் குரூப்பு, அங்கன இருந்து வெள்ளக்கரைப்பட்டி இளவட்டங்கன்னு, நான் போட்டு வச்ச கோடு ஒரு தெரு பிசகல. என் அறையில உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. அம்புட்டு வருசத்து உழைப்பு.

பொழுது சாயுற நேரத்துல கிங்ஸ்லி போன் பண்ணுனான். "சார், இங்கன ஆளுக கூடுறாக. என்னையச் சுத்தி நிக்கிறாக. பெரியவுககிட்ட ஒரு வார்த்தை பேசுங்க சார், நீங்க சொன்னா கேப்பாக"ன்னான். குரல்ல பயம் இல்ல. நான் இருக்கேங்குற தெம்பு. சரி, போனை அவுககிட்டக் குடுன்னேன்.

வாங்குனது வேல்பாண்டின்னு ஒருத்தரு. கோபமா இருந்தாரு, ஆனா மரியாதையாத்தான் கேட்டாரு. "சார், நீங்கதான் அனுப்புனீகன்னு இந்தத் தம்பி சொல்லுது. இவரை உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாதுன்னேன்.

அவரு உங்ககிட்டச் சொல்லியிருப்பாரே, எவனோ ஒருத்தன் தெரியாதுன்னுட்டான்னு. அந்த எவனோ நான்தான். அதுக்கப்புறமும் போனை வைக்கலை. அவரும் மறந்துட்டாரு போல, கையிலயே வச்சிருந்தாரு. கிங்ஸ்லி 'சார், சார்'னு ரெண்டு பேரையும் கூப்பிட்டான். வேல்பாண்டியவும் சார்னுதான் சொன்னான், என்னையவும் சார்னுதான் சொன்னான். ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் கிடந்தான். நான் போய்ப் பாத்தேன். அவுக அப்பா என் தோள்ல சாஞ்சு அழுதாரு. ஆறுதல் சொன்னேன்.

வருத்தம் இருக்கான்னு கேக்குறீக. அடிச்சதுல ஒரு கை கூட என் கை இல்ல. நான் மடையைத் திறந்தேன், தண்ணி பள்ளத்தைப் பாத்துப் பாஞ்சுச்சு. அந்தச் சனம் வேணாம்னு நினைச்சிருந்தா ஒரே ஒரு ஆள் போதும், தடுத்திருக்கலாம். ஒருத்தரும் தடுக்கல. நம்புறவனுக்குத்தான் மேடம் வதந்தி. நான் அதை வெளியில நின்னு பாக்குறவன். என்னைத் தூக்குல போட்டாலும் என் கொள்கை சரிதான்னு நிரூபணம் ஆயிருச்சு, அதை யாரும் அழிக்க முடியாது. ஆளாளுக்கு வேலையத்த பய வேலைன்னு பேசக் கூடாது. செஞ்சவன் பேரு சீனிச்சாமி. எழுதியாச்சா?

கையெழுத்துப் போடுறேன். ஒரு நிமிசம்.

மத்தியானம், நீங்க கோர்ட்டுல இருந்து வர்றதுக்கு முன்னால, ராஜாத்தி வந்திருந்தா. அவ அனுப்பாத அவ குரல் சுத்திச் சுத்தி அவ போனுக்கே வந்துச்சு. அன்னையில இருந்து என்கூடப் பேசுறதில்ல. வாசல்ல நின்னுக்கிட்டு, என்னைய ஏறெடுத்தும் பாக்காம ஏட்டுக்கிட்டத்தான் சொன்னா. "அந்த ஆளுகிட்டச் சொல்லிருங்க. பாப்பாவுக்கு அம்மை போட்டிருக்கு." எங்களுக்கு ஒரே பிள்ளை மேடம், மகாலட்சுமி. ஆறாப்புப் படிக்குது.

அது கிருமி. வெயில் ஏறுனா வர்றது. பள்ளிக்கூடத்துல பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைக்கு இருந்திருக்கும். இதை நான் மேடை போட்டுப் பேசுனவன். டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லுங்கன்னு ஏட்டுக்கிட்டச் சொன்னேன். அவ கேட்டைத் தாண்டுறதுக்குள்ள மறுபடி ஏட்டைக் கூப்பிட்டு, வாசல் நிலையில வேப்பிலை சொருகச் சொல்லுங்கன்னேன். கண்ணுக்குள்ளயும் போட்டிருக்காம், பிள்ளை கண்ணைத் திறக்க மாட்டேங்குதாம்.

அந்த வேளார் உங்ககிட்ட என்ன சொன்னாருன்னு பேப்பர்ல பாத்தேன். 'ஆகாது தம்பின்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன், உடனே கேமராவை மூடிட்டு வெளிய போயி, துணி போடுற வரைக்கும் தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தாரு'ன்னு சொல்லியிருக்காரு. வேளார் பொய் சொல்றாரு மேடம். கிங்ஸ்லி எடுத்திருப்பான். நான் சொல்லி அவன் செய்யாத வேலை ஒண்ணு கிடையாது. அந்தா, உங்க மேசையில பிளாஸ்டிக் பையில கிடக்குல்ல, அது அவன் கேமராதானே? ஒரு தடவை போட்டுப் பாத்துச் சொல்லுங்க. அம்மன் முகம் அதுல இருக்கும், கண்டிப்பா இருக்கும்.

அவன் எடுக்கலேன்னா, என் பிள்ளைக்கு எதுக்கு மேடம் போட்டுச்சு?