வெள்ளைக் கற்களுக்குக் கீழே

தீயை அணைப்பதென்றால் தண்ணீர் ஊற்றுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஊற்றியதும் புஸ்ஸென்று புகை வரும். வேலை முடிந்தது என்று தூங்கப் போய்விடுவார்கள். மேலே சாம்பல் நனைந்திருக்கும், அடியில் கங்கு உயிரோடு இருக்கும். ஊற்றிய பிறகு குச்சியால் கிளற வேண்டும், மறுபடி ஊற்ற வேண்டும், கடைசியில் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். கை வைக்க முடியாத தீ இன்னும் அணையாத தீ. நீங்கள் எங்கேயாவது கூடாரம் போட்டால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஐயா.

ஆற்றங்கரை முகாம் திடலுக்கு நான் காவலாள். திடல் என் மனைவியின் அண்ணனுடையது. கழிப்பறைகளுக்குப் பின்னால் எங்கள் இருவருக்கும் ஓர் அறை கொடுத்திருந்தார். வருகிறவர்களுக்கு நான் எல்லாவற்றையும் காரணத்தோடு சொல்வேன். காரணம் தெரிந்தால்தான் மனிதன் கேட்பான். பாத்திரத்தை ஆற்றில் கழுவாதீர்கள், வாளியில் மொண்டு தள்ளிப் போய்க் கழுவுங்கள், மண் அழுக்கை வடிகட்டிக்கொள்ளும். பாட்டைச் சத்தமாக வைக்காதீர்கள், தண்ணீர்ப் பரப்பின் மேல் சத்தம் தடையில்லாமல் ஓடும். கரையில் வெள்ளையடித்த கற்கள் வரிசையாக இருக்கும். அதற்குக் கீழே கூடாரம் வேண்டாம். மேலே அணையில் கதவைத் திறந்தால் மணல் முழுக்க ஆறு.

திறக்கும் முன் அணைக்காரர் எனக்குப் போன் செய்வார். நான் சைரனைப் போடுவேன். அதன் பொத்தான் எங்கள் அறைச் சுவரில்தான் இருக்கிறது.

என் மனைவிக்கு நுரையீரல் சுருங்கிப்போயிருந்தது. கட்டிலருகே ஆக்சிஜன் மெஷின். அருமையான கருவி, ஐயா. அறைக்காற்றை உறிஞ்சி, உள்ளே இருக்கும் சின்னச் சின்ன மணிகளின் வழியே அனுப்பும். மணிகள் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிராணவாயு மட்டும் குழாயில் வரும். ஒரு டக், பிறகு நீளமாக ஒரு புஸ். தூங்குகிற ஆள் மூச்சு விடுவது போலவே இருக்கும். மின்சாரம் நின்றால் கீச்கீச்சென்று கத்தும்.

சிக்கல் என்னவென்றால் சைரன், கழிப்பறை பிளக், எங்கள் அறை மூன்றும் ஒரே லைன். எந்த மோட்டாரும் ஓடும்போது கேட்பதைவிடக் கிளம்பும்போது பல மடங்கு மின்சாரம் கேட்கும். சைரன் கிளம்பி இரண்டு ஊளை விடும், ஃபியூஸ் போய்விடும். அதனால் எங்களுக்கு ஒரு முறை உண்டு. முதலில் அவளைச் சிலிண்டருக்கு மாற்றுவேன். பிறகு பொத்தானை அழுத்துவேன். பிறகு ஃபியூஸ் போட்டு, திரும்ப மெஷினுக்கு. ஒவ்வொரு முறையும் அவள் சொல்வாள்: "உங்க மூத்த சம்சாரம் வர்றா போல. நான் கொஞ்சம் ஒதுங்கிக்கிறேன்." ஆற்றைத்தான் அப்படிச் சொல்வாள்.

அந்த நால்வர் ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள். தொப்பி போட்டவரை மற்றவர்கள் கேப்டன் என்று கூப்பிட்டார்கள். வந்த அன்றே எங்கள் வெள்ளைக் கற்களைப் பெயர்த்து அடுப்பு கூட்டினார்கள். நான் எடுத்துப் போய்த் திரும்ப வைத்தேன். உடனே கரண்ட் அடுப்பைக் கழிப்பறை பிளக்கில் மாட்டினார்கள். ஃபியூஸ் போனது. நான் பக்கத்தில் இருந்ததால் சிலிண்டருக்கு மாற்ற முடிந்தது. பிறகு அவர்களிடம் போனேன்.

"தம்பி, அந்த அடுப்பை இதுல மாட்டாதீங்க. உள்ள என் சம்சாரம் மெஷின்லதான் மூச்சு விடுறா."

"பிளக் எதுக்கு வெச்சிருக்கீங்க பெரிசு, துணி காயப் போடவா?" என்றார் கேப்டன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கெஞ்ச வந்தவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றால் காரியம் நடக்காது. குனிந்து அவர் முழங்காலைத் தொட்டேன். என் வயதுக்கு அது கொஞ்சம் அதிகம்தான். கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். "மன்னிச்சுக்குங்க அண்ணே" என்றாள். பாத்திரத்தை வாளித் தண்ணீரில் கழுவியதும் அவள் ஒருத்திதான்.

நான் பிளக்கின் மேல் டேப் ஒட்டினேன். மச்சானுக்குப் போன் செய்து தனி லைன் கேட்டேன். "கொஞ்ச நாள் பொறுத்துக்க மாப்ளே, வர்றவங்ககிட்ட வம்பு வேணாம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. தங்கையின் மருந்தெல்லாம் அவர் செலவுதான்.

மறுநாள் மாலை நான் திடலின் மறுகோடியில் யாரோ விட்டுப்போன கங்கைக் கிளறிக்கொண்டிருந்தேன். இவர்கள் பாட்டை அலற விட்டிருந்தார்கள். அது பேட்டரியில் ஓடுகிற பெட்டி, கரண்ட் போனாலும் நிற்காது, அந்த அலறலில் மெஷின் கத்துவதும் கேட்காது. அதனால் ஃபியூஸ் போனது அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் திரும்பினேன். டேப் உரிந்து கீழே கிடந்தது. பிளக்கில் மாட்டியிருந்த அடுப்பைப் பிடுங்கினேன். அறையில் மெஷின் கத்திக்கொண்டிருந்தது. ஃபியூஸைப் போட்டேன். டக், புஸ் என்று ஓட ஆரம்பித்தது. கத்தல் நின்றது.

அடுத்த நாள் நான் திடலில் இல்லை. அவர்களும் விடிவதற்கு முன்பே மலையேறப் போய், இருட்டிய பிறகுதான் திரும்பினார்களாம். அதற்கடுத்த நாள் வேலைக்குத் திரும்பினேன். மச்சான் வேண்டாமென்றுதான் சொன்னார். எனக்கு அறையில் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அது இல்லாமல் என்னால் அங்கே ஒரு நிமிடம் உட்கார முடியாது.

முற்பகலில் அணைக்காரர் கூப்பிட்டார். "கேட்டைத் திறக்கிறோம்பா. உன் பக்கம் ஆளுங்க இருந்தா மேல ஏத்திடு."

"சரிங்க, பார்த்துக்கிறேன்" என்றேன்.

திடலில் வேறு யாரும் இல்லை. நேராக அவர்களிடம் போனேன். வந்த நாள் முதல் மணலில் இறங்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், நான்தான் மறுத்திருந்தேன். இப்போது நானே சொன்னேன்: கீழே நல்ல நிழல், பாட்டு வைத்தாலும் யாருக்கும் தொந்தரவில்லை. அடுப்பின் வயரும் அங்கிருந்து எட்டாது, அதை மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவர்களுக்கு ஒரே சந்தோஷம். அடுப்பு கூட்ட வெள்ளைக் கற்களை நானே சுமந்துகொண்டு போய்க் கொடுத்தேன். கேப்டன் என் தோளைத் தட்டினார்.

கண்ணாடிக்காரப் பெண் மட்டும் ஆற்றைப் பார்த்தாள். "அண்ணே, இங்க தண்ணி வராதா?"

"வந்தா சைரன் அடிக்கும்மா."

"அக்கா எப்படி இருக்காங்க?"

"தூங்குறா."

அணையிலிருந்து தண்ணீர் வந்து சேர ஒரு சமையலுக்கான நேரம் பிடிக்கும். சினிமாவில் போலச் சுவராக எழுந்து வராது. முதலில் மணல் அடியிலிருந்து ஈரமாகும். பிறகு சருகும் குச்சியும் மிதந்து வரும், நிறம் மாறும். அப்போதே எழுந்து நடந்தால் போதும். சாப்பிட்டுப் படுத்தவர்களுக்கு அது தெரியாது. அதற்காகத்தான் சைரன் வைத்திருக்கிறது.

நான் அறையில் பொத்தானுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. டக், புஸ். அழுத்தினால் ஃபியூஸ் போகும், அது நின்றுவிடும். என்னால் அதை மறுபடி நிற்க விட முடியவில்லை, ஐயா. எவ்வளவோ முயன்று பார்த்தேன். விரலைப் பொத்தான் மேல் வைத்தே இருந்தேன், விரல் நோகும் வரை. வெளியே பாட்டு கேட்டது, பிறகு கேட்கவில்லை. யாரோ அண்ணே என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெண்ணாகத்தான் இருக்கும். அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது. சொன்னதைக் கேட்ட ஒரே ஆள்.

தண்ணீர் வடிந்ததும் இறங்கிப் போனேன். கூடார முளைகளைப் பிடுங்கினேன், ஒதுங்கிக் கிடந்த பிளாஸ்டிக்கைப் பொறுக்கினேன், கற்களைத் தேடியெடுத்து வரிசையில் வைத்தேன். நீங்கள் வந்தபோது திடல் சுத்தமாக இருந்ததல்லவா?

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். நான்தான் அவர்களைக் கீழே இறக்கினேன், தெரிந்தேதான் சைரனைப் போடவில்லை. எங்கே வேண்டுமோ கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உதவி. உங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் போனால் அறையிலுள்ள மெஷினை நிறுத்திவிடச் சொல்லுங்கள். அவளை எரித்துவிட்டு வந்து நான் போட்டுவிட்டது, காலிக் கட்டிலுக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். மின்சாரத்தை வீணாக்கக் கூடாது.