மெயினை அணைத்துவிட்டுப் போனவர்

இந்த இடத்துல பேச்சைக் கொஞ்சம் ஓரமா வச்சுட்டு, உங்களை ஒரு சின்னக் கதைக்குள்ள கூட்டிட்டுப் போறேன். பயப்படாதீங்க, சாப்பாட்டு நேரத்துக்குள்ள திரும்பி வந்துருவோம்...

திண்டுக்கல்ல ஒரு வீடு. கீழ அண்ணன் சௌந்தரபாண்டி குடும்பம், மாடியில தம்பி குமரவேல் குடும்பம். பாகம் பிரிச்சாச்சு. சமையல் தனி, தண்ணித் தொட்டி தனி, கரண்ட் மீட்டர் தனி. ஒண்ணே ஒண்ணு மட்டும் பொது... என்னது? இன்டர்நெட்!

ஆளாளுக்கு போன்ல நெட் வராத காலம் அது. கீழ் வீட்டுக்கு மட்டும்தான் லைன் இருந்துச்சு. அண்ணன் பெருந்தன்மையா சொன்னாரு: "எதுக்குடா ரெண்டு கனெக்‌ஷன்? என் கம்ப்யூட்டர்ல இருந்தே ஒரு வயரை மேல இழுத்துக்க." இழுத்தாங்க. மாட்ட வந்தவரு ஒரு விஷயம் சொன்னாரு: "சார், நெட்டு உங்க கம்ப்யூட்டருக்குள்ள நுழைஞ்சுதான் மாடிக்குப் போகுது. இதை அணைச்சா அங்க வராது." "அதெல்லாம் பாத்துக்கலாம்ப்பா"ன்னாரு அண்ணன். நாமளும் அப்படித்தானே சொல்லுவோம்?

நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. திடீர்னு குமரவேல் பைக்ல இருந்து விழுந்து காலை முறிச்சுக்கிட்டாரு. லேத் பட்டறைக்குப் போக முடியல, வீட்ல வருமானம் நின்னுபோச்சு. அவர் சம்சாரம் பூங்கோதை பி.காம். படிச்சவ. ஒரு கம்பெனிக்கு மனு போட்டா. வீட்ல இருந்தே கணக்கு எழுதுற வேலை. அதுக்கு கம்ப்யூட்டர்லயே பரீட்சை. நடுவுல நின்னா நின்னதுதான், மறுபடி எழுத விடமாட்டாங்க. அந்தக் குடும்பத்துக்கு அப்ப இருந்த ஒரே வழி அது.

இதை அவ கீழ சொன்னாளா? சொல்லல. ஏன்?

"அண்ணன்ட்ட ஒரு வார்த்தை சொல்லிருவோமா?"ன்னு கட்டில்ல படுத்துக்கிட்டே புருஷன் கேட்டாரு.

"சும்மா இருங்க! முடியறதுக்கு முன்னாடி வாயைத் திறந்தா கண்ணு பட்ரும். ஆர்டர் வரட்டும், ஸ்வீட்டோட போய்ச் சொல்லுவோம்."

சிரிக்கிறீங்க... உங்க பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்தப்ப நீங்க எத்தனை பேருகிட்ட சொன்னீங்க?

பரீட்சை அன்னிக்குக் காலையில மாடியில இருந்து எட்டிப் பாக்குறா. வாசல்ல கார் நிக்குது. அண்ணன் பட்டு வேட்டியில நிக்கிறாரு, அவர் சம்சாரம் தலைநிறைய மல்லிகைப்பூ. எங்க போறாங்க, எப்ப வருவாங்க? கேள்வி தொண்டை வரைக்கும் வந்துருச்சு. கேட்டாளா? கேக்கல. கிளம்பி நிக்கிறவங்களைப் பாத்து "எங்க போறீங்க"ன்னு கேக்கலாமா? சகுனத் தடை ஆச்சே! முழுங்கிட்டு உள்ள போய்ப் பரீட்சைக்கு உக்காந்துட்டா.

கீழ அண்ணன் வீட்டைப் பூட்டுறாரு. ஒரு தடவை மின்னல் வெட்டி ஃப்ரிட்ஜ் கருகிப்போச்சு, அதுல இருந்து ஊருக்குப் போனா வீட்டு மெயின் சுவிட்சை அணைச்சுட்டுத்தான் போவாரு. கை அதுபாட்டுக்குப் போச்சு. டப்... பழனிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிட்டாரு.

மேல? ஃபேன் சுத்துது. லைட்டு எரியுது. கம்ப்யூட்டரும் ஓடுது. பரீட்சை மட்டும் நின்னுபோச்சு.

இறங்கி ஓடிவந்து பாத்தா பூட்டு தொங்குது. போன் போடுறா... போடுறா... மேளச் சத்தத்துல அவருக்குக் கேக்கல. அவர் எடுக்குறதுக்குள்ள பரீட்சை நேரமே முடிஞ்சுபோச்சு.

"மாமா... மெயினை அணைச்சீங்களா?"

"ஆமாம்மா, என் வீட்டு மெயினைத்தான் அணைச்சேன். உங்க மீட்டர்ல நான் கையே வைக்கலியே!"

பொய்யா சொல்றாரு? இல்ல. அவர் சொன்னது முழுக்க முழுக்க நிஜம்.

"பரீட்சை எழுதிக்கிட்டிருந்தேன் மாமா... வேலைக்கு."

"அடக் கடவுளே! ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கம்ப்யூட்டருக்குக் காவலுக்கே உக்காந்திருப்பேனே!"

"நீங்க ஊருக்குப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானும் சொல்லியிருப்பேன் மாமா..."



வேலை என்னாச்சுன்னு கேக்குறீங்க. போச்சு. அண்ணனே அந்தக் கம்பெனிக்குப் போன் பண்ணிக் கெஞ்சிப் பாத்தாரு, அவங்க மசியல. சுபமா முடியும்னு காத்திருந்தவங்க மன்னிக்கணும்.

சரி, இதுல யாரு கெட்டவங்க? நானும் தேடிப் பாத்துட்டேன், ஒருத்தரும் அகப்படல. கொடுத்தவரு நல்லவரு. வாங்குனவ நல்லவ. கண்ணு பட்டு அந்த வேலை போகல, தாய்மார்களே... சொல்லாததால போச்சு. அவ்வளவு தூரம் வயர் இழுக்கத் தெரிஞ்ச குடும்பத்துக்கு, மாடிப்படியில நின்னு நாலு வார்த்தை பேசத் தெரியல.

கொடுக்குற இடத்துல இருக்குற அய்யாமார்களே... ஒரு தடவை கொடுத்ததோட நம்ம கடமை முடிஞ்சுதுன்னு நினைக்கிறோம். முடியல! ஒருத்தர் உங்களை நம்பி உக்காந்துட்டாரு... அந்த நிமிஷத்துல இருந்து உங்க வீட்டு மெயின் உங்களுக்கு மட்டும் சொந்தமில்ல. வாங்குற இடத்துல இருக்குறவங்களே... ஓசியில வாங்குறோமேன்னு கூச்சப்பட்டு, சகுனம் பாத்து வாயை மூடிக்கிட்டா, கொடுக்குறவருக்கு எப்படித் தெரியும்?

இன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போவீங்க. உங்களை நம்பி யாரு உக்காந்திருக்காங்கன்னு தெரியுமா உங்களுக்கு? தெரியலேன்னா, போய்க் கேளுங்க. கேட்டுட்டு... அப்புறமா அணைங்க.